மூன்றாவது வேண்டாம்

டீச்சர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய் இறங்கிய அன்றைக்கே பட்டினி கிடந்தார்.

வீட்டில் சாப்பாடு இல்லாமல் இல்லை. அவர் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, பெட்டியை மாடிக்கு ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டு, சமையலறை மேசையில் ஆவி பறக்கும் சூப்பையும் ரொட்டியையும் வைத்து, "சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். விமானத்தில் கொடுத்த எதுவும் டீச்சருக்குத் தொண்டையில் இறங்கியிருக்கவில்லை. வயிறு கபகபவென்று எரிந்தது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்? "ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார், ஒரு பேச்சுக்கு.

"சரி" என்றார் அந்த அம்மா. தட்டை எடுத்தார், மூடி போட்டார், ஃபிரிட்ஜுக்குள் வைத்தார், "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

டீச்சர் அந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னொரு தரம் கேட்க வருவார் என்று ஒரு நம்பிக்கை. ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் கைப்பையில் கிடந்த பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார்.

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வேலை. தெருவில், கடையில், பஸ் ஸ்டாண்டில், ஏன், சொந்த மாமியார் வாயில்கூட அவர் டீச்சர்தான். கணவர் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கையால் பேசும் மொழியில் பாடம் நடத்துவது பற்றி வெளிநாட்டில் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, செலவையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்ததும், அம்மாவைக் கேட்காமலே அவர் பெயரில் விண்ணப்பம் போட்டது மகள்தான். இடம் கிடைத்துவிட்டது. டீச்சர் மிரண்டுபோனார்.

"இந்த வயசுல நான் போய் பெஞ்சுல உட்காரறதா?"

"உட்காரு. இத்தனை வருஷம் நின்னது போதாதா?" என்றார் கணவர்.

இப்போது பட்டினிக் கதையைப் போனில் கேட்டு அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பேசாம குடுங்கன்னு வாங்கித் தின்ன வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"எப்படிங்க? முதல் தடவையேவா?"

"அம்மா, நான் சொல்றதைக் கேளு," என்றாள் மகள். "அங்க ஒரு தடவைதான் கேப்பாங்க போல. இனிமே யார் என்ன கேட்டாலும் டக்குனு சரின்னு சொல்லிரு."

டீச்சர் அந்தப் புத்திமதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரம்மா, "காலையில பார்க்ல ஓடப் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் டீச்சர் "சரி" என்றுவிட்டார். சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் பார்க்கை ஒரு சுற்று வந்து சேர்ந்தபோது அவருக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அதற்கப்புறம் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார்.

வீட்டுக்காரம்மாவுக்கும் ஏறக்குறைய டீச்சர் வயதுதான். நகரப் பேருந்து ஓட்டும் வேலை. தோள்கள் அகலம், குரல் கனம், நடை வேகம். டீச்சர் வீட்டுக்குப் பேசும்போது "எங்க டிரைவரம்மா" என்றே சொல்லிப் பழகிவிட்டார். கணவர் பிரிந்து போய் வெகு காலம். ஒரே மகன் அதே ஊரில் வேறொரு வீட்டில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டுமென்றால் புதன்கிழமையே போன் செய்து, "வரலாமா?" என்று கேட்பான். இதை டீச்சரால் நம்பவே முடியவில்லை.

"பெத்த வீட்டுக்கு வர்றதுக்கு அனுமதி கேக்கறான்டி," என்று மகளிடம் புலம்பினார்.

"நீ மட்டும் நான் குளிக்கும்போதுகூட கதவைத் தட்டுவியே, அதுக்கு இது எவ்வளவோ மேல்," என்றாள் மகள். பிறகு, "ஆமா, அவங்க உன்னை நீன்னு கூப்பிடறாங்களா, நீங்கன்னு கூப்பிடறாங்களா?" என்று கேட்டாள்.

"அதுதான் தெரியல. அவங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. நான் நீங்கன்னே எடுத்துக்கறேன். மரியாதைக்கு மரியாதை."

கல்லூரியில் வேறு கூத்து. வகுப்பு நடத்தியவர் டீச்சரைவிட இளையவர். அவர் உள்ளே வந்ததும் டீச்சர் மட்டும் சடாரென்று எழுந்து நின்றார். ஏதோ கேட்கத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்து அவர், "சொல்லுங்க" என்றார். சொல்ல ஒன்றுமில்லாமல் டீச்சர் உட்கார்ந்தார். மறுநாளும் எழுந்தார். மறுநாளும் "சொல்லுங்க." கால்கள் தாமாக எழுந்துகொள்கின்றன என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னதும், "என் கால்கள் யாருக்காகவும் எழுந்ததே இல்ல. எங்க அம்மா ரொம்பத் திட்டுவாங்க" என்றார் அவர்.

எல்லாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டீச்சருக்கு நாக்கு புரளவில்லை. "சார்" என்று கூப்பிட்டால் அவர், பின்னால் யாரோ நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். ஆனால் தன்னை எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது டீச்சருக்குப் பிடித்திருந்தது. இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அம்மா போனதற்கப்புறம் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. ரேஷன் கார்டிலும் வங்கிப் புத்தகத்திலும்தான் அது இருந்தது. இப்போது பக்கத்து இருக்கையில் உட்காரும் நெட்டைப் பையன் வாயில் ல-வும் ள-வும் குழம்பி அது வரும்போது, அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பாவாடை சட்டையோடு உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

ஒருநாள் கட்டுரை பற்றிப் பேச அந்த ஆசிரியரின் அறைக்குப் போனார். பேசி முடித்துக் கிளம்பும்போது, ஊர்ப் பழக்கத்தில், "போயிட்டு வரேன்" என்பதை அப்படியே அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு, வீடு வந்து சேர்ந்து, குளித்து, துணி துவைத்துக் காயப் போட்டார். மறுநாள் காலை ஆசிரியர் கேட்டார்: "நேத்து எங்க போனீங்க? வரேன்னு சொன்னீங்களேன்னு சாயங்காலம் வரைக்கும் ரூமைப் பூட்டாம உட்கார்ந்திருந்தேன்." டீச்சருக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போகிறேன் என்று மொட்டையாகச் சொல்வது எங்களுக்கு ஆகாது, திரும்பி வருவோம் என்று சேர்த்துச் சொன்னால்தான் மனசு கேட்கும் என்று விளக்கினார். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று வகுப்பு முடிந்ததும், "போயிட்டு வரேன்" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனார். வகுப்பே அவர் வருவார் என்று காத்திருந்தது.

படிப்பின் இரண்டாம் பாதியில், அங்கே ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். டீச்சருக்கு இதில் பயமே இல்லை. கைமொழி நாட்டுக்கு நாடு வேறு என்றாலும், அந்த ஊர்ச் சைகைகளை அவர் கண்ணும் கருத்துமாகப் பழகியிருந்தார். பிள்ளைகள் எங்கேயும் பிள்ளைகள்தானே என்று தைரியம்.

முதல் வகுப்பில் பூனைப் படத்தை மாட்டி, அதற்கான சொல் அட்டையை எடுத்து வைக்கச் சொன்னார். முன் வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி ஓடி வந்து சரியான அட்டையை வைத்தாள். "சரி, சரி, ரொம்பச் சரி" என்று டீச்சர் கையால் சொன்னார். கூடவே தலையும், நம்மூர் வழக்கப்படி, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆனந்தமாய் ஆடியது. சிறுமி முகம் சுண்டிப்போனது. அட்டையை எடுத்துவிட்டு 'நாய்' என்ற அட்டையை வைத்தாள். டீச்சர் திகைத்து, தலையை ஆட்டாமல் நின்றார். சிறுமி கைதட்டிக் குதித்துக்கொண்டு இடத்துக்குப் போனாள். அடுத்த பிள்ளை மீனுக்கு 'மாடு' வைத்தது. அரை மணி நேரத்தில் அந்த வகுப்பில் ஒரு பிராணிக்கும் சொந்தப் பெயர் மிஞ்சவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த வகுப்பாசிரியை, அவரும் காது கேளாதவர்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகளால் சொன்னார்: "உங்க கை ஆமான்னு சொல்லுது. தலை இல்லைன்னு சொல்லுது. எங்களுக்குத் தலைதான் பெரிசு."

டீச்சருக்கு அது தெரியாத விஷயமல்ல. கைமொழியில் முகமும் தலையும் பாதி வாக்கியம். ஆனால் ஊரில் அவர் பிள்ளைகளும் இதே போலத்தான் தலையாட்டுவார்கள். அதனால் தன் தலை ஆடுவதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று மாலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவரிடம் டிரைவரம்மா விஷயத்தைக் கேட்டார். "இவ்வளவுதானே? உட்காருங்க," என்று சமையலறை மேசைக்கு எதிரே உட்கார வைத்தார். "நான் கேள்வி கேக்கறேன். தலை பக்கவாட்டுல போச்சுன்னா ஹாரன் அடிப்பேன்."

"உங்க மகள் காலேஜ் படிக்கிறாளா?"

டீச்சரின் தலை ஆடியது.

"பாம்!" என்று பஸ் ஹாரன் போலவே கத்தினார் டிரைவரம்மா. "வெளிய மழை பெய்யுதா?"

"ஆமா—"

"பாம்!"

"ஐயோ, இது என் தலையே இல்ல!" என்று டீச்சர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சோப்பு வாங்கினீர்களா, வெங்காயம் இருக்கிறதா என்று கேட்பதற்கெல்லாம் இது தொடர்ந்தது. வீடு பேருந்து நிலையம் மாதிரி ஆயிற்று. மெல்ல மெல்லத் தலை மேலும் கீழும் போகப் பழகியது.

அப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் சண்டை வந்தது.

ஒருநாள் காலை டிரைவரம்மாவின் அறைக் கதவு திறக்கவில்லை. தட்டிப் பார்த்தார் டீச்சர். துணி மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதாம். கட்டிலில் கட்டை மாதிரி கிடந்தார்.

"நாளைக்குச் சரியாயிடும். எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க காலேஜுக்குக் கிளம்புங்க."

அது முதல் வேண்டாம். டீச்சர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, அரிசியைக் குழைய வேகவைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனார். "வேண்டாம், பசிக்கல" என்றார் டிரைவரம்மா. "ரெண்டு வாய்தான்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார் டீச்சர். பிறகு வெந்நீர்ப் பை. தலையணையைச் சரி செய்தார், ஜன்னலைச் சாத்தினார், போர்வையை இழுத்துவிட்டார். "தயவுசெஞ்சு வேண்டாம்" என்று டிரைவரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பாவம், வலியில் பேசுகிறார் என்று டீச்சருக்கு மனசு உருகியது. கீழே போய், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மகனின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்.

மகன் அலறி அடித்துக்கொண்டு வேலையிலிருந்து ஓடி வந்தான். டீச்சரின் அரைகுறை மொழியில் 'அம்மா எழுந்திருக்கவில்லை' என்பது அவன் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. மூச்சிரைக்க அறைக்குள் போனவனைப் பார்த்து டிரைவரம்மா பதறிப்போனார். அவன் ஆசுவாசமாகி, வந்ததுதான் வந்தோம் என்று எரியாத பல்பை மாற்றி, குழைந்த சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டு, சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனான்.

அவன் போனதும் டிரைவரம்மா டீச்சரைக் கூப்பிட்டார்.

"என் மகனைக் கூப்பிடச் சொல்லி உங்ககிட்ட யார் சொன்னது?"

"இல்ல, நீங்க முடியாம—"

"மூணு தடவை வேண்டாம்னு சொன்னேன். காதுல விழலையா உங்களுக்கு?"

டீச்சருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. நல்லது செய்யப் போய் வசவு வாங்கிய ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "விழுந்தது. எங்க ஊர்ல வேண்டாம்னு சொன்னா, இன்னொரு தடவை கேளுன்னு அர்த்தம். உடம்பு சரியில்லாதவங்க சொல்ற வேண்டாம் கணக்குலயே வராது."

டிரைவரம்மா அவரையே பார்த்தார். "அப்ப, நிஜமாவே வேண்டாம்னா என்ன சொல்வீங்க?"

டீச்சர் யோசித்தார். நன்றாக யோசித்தார். பெரியம்மா வீட்டில், நாத்தனார் வீட்டில், பக்கத்து வீட்டில், எத்தனை பந்தி, எத்தனை காபி. சத்தியமாக ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்றார் கடைசியில். "சாப்பிட்டுருவோம்."

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் இடுப்பு சுளீரென்று இழுத்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க," என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். டீச்சருக்கும் அழுகை பாதியில் சிரிப்பாக மாறிவிட்டது. அந்தச் சூட்டோடு, வந்திறங்கிய நாளில் சூப்புக்கு வேண்டாம் சொன்ன கதையையும் சொல்லிவிட்டார்.

டிரைவரம்மா சிரிப்பை நிறுத்தினார். "என் வீட்லயா? முதல் நாளா? பசியோடவா படுத்தீங்க?"

"பிஸ்கட் இருந்துச்சு."

"நான் ஒரு மடைச்சி," என்றார் டிரைவரம்மா. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத பாருங்க. எனக்கு நீங்க செஞ்சது பிடிக்காம இல்ல. ஆனா நான் ஒண்ணு சொல்லி, நீங்க மறுபடி மறுபடி கேட்டா, என் பேச்சை நம்பலைன்னு ஆயிடுது. என் வீட்டுக்காரரோட இருந்த வரைக்கும் நான் சொன்ன எந்த வேண்டாமும் எடுபடல. தனியா வந்தப்புறம்தான் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு வந்துச்சு. அதை விட்டுக் குடுக்க மனசு வரல."

அன்பு காட்டினால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இத்தனை நாள் டீச்சர் நினைத்திருந்தார். அது போதாத இடமும் உண்டு என்று அப்போது பட்டது.

"இனிமே ஒண்ணு பண்ணலாம்," என்றார். "நீங்க வேண்டாம்னா நான் விட்டுடறேன். நான் வேண்டாம்னா நீங்க இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்."

"இது என்ன நியாயம்? எனக்குத்தான் வேலை ஜாஸ்தி."

"சமைக்கறது நான்தானே?"

டிரைவரம்மா அதற்கும் சிரித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கதவு வரை போன டீச்சரைக் கூப்பிட்டு, "அவன் திடீர்னு வந்து உட்கார்ந்தது நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "ஆனா இன்னொரு தடவை என்னைக் கேக்காம கூப்பிட்டே, பெட்டியைத் தூக்கி ரோட்டுல வச்சிருவேன். தெரிஞ்சுக்கோ."

கூப்பிட்டே. தெரிஞ்சுக்கோ. அவர் சொன்ன வார்த்தை என்னவோ எப்போதும் சொல்லும் அதே வார்த்தைதான். ஆனால் டீச்சர் காதில் அன்றைக்கு அது 'நீ' என்று விழுந்தது. அதற்கப்புறம் 'நீங்க' என்று விழவே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிண்ணத்தைக் கழுவும்போது அவரே தனக்குள், "சரி போடி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாக இருந்தது.

பாடம் எடுத்துக் காட்டும் தேர்வு நல்லபடியாக முடிந்தது. தலை சொன்னபடி கேட்டது. ஒரே ஒரு தடவை, ஒரு பிள்ளை தானாகவே ஒரு முழு வாக்கியம் அமைத்துக் காட்டியபோது, சந்தோஷத்தில் இரண்டு தோளுக்குமாக ஆடிவிட்டது. பிள்ளைகள் அதற்குள் அதைப் புரிந்து வைத்திருந்தார்கள். வகுப்பு மொத்தமும் திரும்ப ஆடிக் காட்டியது. மதிப்பெண் போட வந்திருந்த கல்லூரி ஆசிரியர் தாடையைத் தடவிக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். டீச்சர் தேறிவிட்டார், நல்ல மதிப்பெண்.

விஷயத்தைக் கேட்டதும் கணவர், "அப்ப கடைக்கு ஒரு போர்டு வச்சிரலாம். ஃபாரின் ரிட்டர்ன் டீச்சர் வீட்டுக்காரர் கடை," என்றார்.

"வச்சுப் பாருங்க, தெரியும்," என்றார் டீச்சர். "நான் வர இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் கேஸ் அடுப்பைத் தேய்ச்சு வைங்க."

அடுத்த ஞாயிறு டிரைவரம்மாவுக்கு வேலை. "சும்மாதானே இருக்கே, என் பஸ்ல வாயேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வரலாம். ஏரி இருக்கு," என்றார். டீச்சர் முன்னிருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பளிச்சென்று வெயில். பேருந்து நிரம்பியிருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை. ஒவ்வொருவரும் புத்தகத்தையோ போனையோ பார்த்துக்கொண்டு, யார் மேலும் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். இறங்குகிறவர்கள் எல்லாரும் டிரைவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். டிரைவரம்மா கண்ணாடி வழியாக ஒவ்வொருவருக்கும் ஒரு விரலைத் தூக்கினார்.

சந்தைக்குப் பக்கத்து நிறுத்தத்தில், ஒரு கையில் அப்பாவையும் இன்னொரு கையில் பலூனையும் பிடித்துக்கொண்டு அந்த ரெட்டைப் பின்னல் சிறுமி ஏறினாள். பின்னால்தான் இடம் இருந்தது. உட்கார்ந்த பிறகு டீச்சரைப் பார்த்துவிட்டாள். பலூனை அப்பாவிடம் தள்ளிவிட்டு இருக்கை மேல் ஏறி நின்று, பேருந்தின் அந்தக் கோடியிலிருந்து கையாலேயே பேச ஆரம்பித்தாள். எங்கே போகிறீர்கள்? நான் ஏரிக்குப் போகிறேன். அங்கே வாத்து இருக்கிறது. எனக்குப் பல் விழுந்துவிட்டது, பாருங்கள். டீச்சரும் திரும்பி முட்டி போட்டுக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து பதில் சொன்னார். நானும் ஏரிக்குத்தான். எந்தப் பல்? வலித்ததா? வாத்து கடிக்குமா? அவ்வளவு பெரிய பேச்சு, அந்த நிசப்தமான பேருந்தின் தலைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

நடுவில் சிறுமி அப்பாவின் தோளைத் தட்டி, டீச்சரைக் காட்டி ஏதோ சொன்னாள். தோளுக்குப் பின்னாலிருந்து எதையோ முன்னால் இழுத்துப் போடுவது போல் ஒரு சைகை. டீச்சருக்குத் தெரியாத சொல்.

"அது யார்?" என்று கையால் கேட்டார்.

சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்கதான்! நாங்க வச்ச பேர்," என்றாள். மறுபடி செய்து காட்டினாள். கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்கு முன்னால், இடுப்பு வரை தொங்கும் பின்னலை டீச்சர் முன்பக்கமாக எடுத்துப் போட்டுக்கொள்வாரே, அது.

டீச்சர் தன் கையாலே அதை ஒரு தடவை செய்து பார்த்தார். முன்னால் டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்து, "என்னடி நடக்குது அங்க?" என்றார்.

"சொல்றேன், ஏரி வரட்டும்," என்றார் டீச்சர். பேருந்து திருப்பத்தில் சாய்ந்து திரும்பியது. வலப்பக்கம், மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரிய ஆரம்பித்தது.